தாழ்ப்பாளில் கை வைத்தவள்

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது பூஞ்சை. ஜூன் பிறந்து நாலு மழை விழுந்தால் செம்பூரில் தோல் சாமான் எதுவும் தப்பாது என்று உனக்குத் தெரியாததா? அலமாரியைத் திறந்ததும் உன் பட்டறை வாசனை முகத்தில் அடித்தது. பழைய தோல், பசை, ஈரம். கீழ்த்தட்டில் நம் புத்தகத்தின் இரண்டு பாதிகளும் வெள்ளை பூத்துக் கிடந்தன. துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அப்படித் துடைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீதான்.

முதல் பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாதியின் உறையில் நீ போட்ட தையல் ஒரு மூலையில் விட்டிருந்தது. விரலால் அழுத்தினால் தோலுக்கும் அட்டைக்கும் நடுவில் ஏதோ தடித்திருந்தது. மெல்ல இழுத்தேன். மடித்த தாள்கள் இரண்டு வெளியே வந்தன. "பூச்சி அரிச்சிட்டுளா, பிச்சு எறிஞ்சிட்டேன்" என்று இருபத்திரண்டு வருடம் முன்பு என் முகத்தைப் பார்க்காமல் நீ சொன்னாயே, அதே பக்கங்கள். ஒரு பூச்சியும் தொடவில்லை. ஓரங்கள் கத்தியால் அறுத்த மாதிரி நேராக இருந்தன. உன் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்திக்கும் அந்த நேர் வராது.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஏனடி ஒளித்து வைத்தாய்?

உனக்கு நினைவிருக்கும். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஞாயிறுதோறும் நடந்த அஞ்சல்வழி எம்.ஏ. வகுப்பு. நான் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், செம்பூர் திலக் நகரிலிருந்து வருவேன். நீ தாராவியிலிருந்து லேபர் கேம்ப் வழியாக நடந்தே வருவாய். இரண்டாம் பெஞ்சில் உன் துப்பட்டாவிலிருந்து வந்த தோல் வாசனைக்கு முதல் நாள் நான் மூக்கைச் சுளித்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். "ஆடு மேய்க்கலளா, பை தைக்கோம்" என்றாய். அன்றே தோழியானோம். இருவருக்கும் வயது முப்பது.

எதற்கு இங்கிலீஷ் இலக்கியம் படிக்க வந்தாய் என்று கேட்டதற்கு நீ சொன்ன காரணத்தை இன்றுவரை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. உன் வீட்டுப் பட்டறைக்கு லண்டனிலிருந்து ஒரு வியாபாரி கடிதம் எழுதுவார். பதில் எழுதுவது உன் வேலை. "பெல்ட்டு வேணும், பர்சு வேணும்னு எழுதுறதுக்கு முன்னால, எங்க ஊர்ல இன்னிக்கு வெயில் அடிச்சுதுன்னு எழுதுதான். ஒவ்வொரு கடுதாசியிலயும் வெயில், மழை, பனி. இவங்களுக்கு இதுல என்னளா இவ்வளவு கிறுக்கு? தெரிஞ்சுக்கிடணும்ல." அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தவள் நீ. நான் சம்பள உயர்வுக்காகச் சேர்ந்தவள். வெட்கமாகத்தான் இருந்தது.

'ரொமான்டிக் காலம் முதல் இன்று வரையிலான பிரிட்டிஷ் இலக்கியம்' என்பதுதான் எல்லாரும் பயந்த தாள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையில் அதற்குத் தலையணை கனத்தில் ஒரு கைடு கிடைத்தது. ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "நீ படிக்கிற வாரம் நான் சும்மா இருக்கவா? வெட்டிருவோம்" என்றாய். கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் புத்தகம் இரண்டாக வந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தோலில் உறை, சுற்றிலும் தையல்.

"என்னடி பண்ணிட்டே! எந்த நூற்றாண்டுல வெட்டினே?"

"நூற்றாண்டு என்ன நூற்றாண்டு. ஸ்கேல் வச்சு அளந்தேன். சரிபாதி."

அடுக்கின தோலை அளக்கிற மாதிரி கனத்தை அளந்து வெட்டியிருந்தாய். விக்டோரியா ராணி காலத்து நாவல் ஒன்றின் கதைச் சுருக்கத்துக்கு நடுவில், ஒரு வாக்கியத்தின் நடுவில், கத்தி இறங்கியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "தோலுக்கு அத்தியாயம் உண்டா?" என்று நீ கேட்டாய், வருத்தமே இல்லாமல்.

அப்புறம்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. அவரவர் பாதியை அவரவர் படிப்பது. ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மாட்டுங்கா உடுப்பி ஹோட்டலில் உட்கார்ந்து மற்றவளுக்குத் தமிழில் சொல்வது. எனக்கு ஃபில்டர் காபி, உனக்கு அந்தக் கடையில் யாரும் கேட்காத இஞ்சிச் சாயா. பிரிட்டிஷ் இலக்கியத்தின் முதல் பாதியை நான் கண்ணால் படித்தேன், இரண்டாம் பாதியைக் காதால். உனக்கு அப்படியே மாற்றி.

என் பாதி மலையும் ஏரியும் பூவுமாகத் தொடங்கியது. ஒரு கவிஞர் நாள் முழுக்க மலையில் நடந்து, திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் நினைத்து நினைத்து எழுதினார் என்று சொன்னேன். நீ சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டாய்: "நாள் பூரா நடந்தானே, வீட்டுல சோறு யாரு பொங்குனா?" கைடைப் புரட்டினேன். கவிஞரின் கொள்கை, கற்பனை, இயற்கை எல்லாம் இருந்தது, சோறு இல்லை. அடுத்த வகுப்பில் நீ எழுந்து நின்று பேராசிரியரிடமே கேட்டுவிட்டாய். வகுப்பு சிரித்தது. "அது சிலபஸ்ல இல்லம்மா" என்றார் அவர். நீ உட்கார்ந்து என் காதில், "அப்போ இருக்கு, சிலபஸ்லதான் இல்ல" என்றாய். அன்றிலிருந்து எந்தக் கவிதையைப் படித்தாலும் அந்த வீட்டு அடுப்பு எங்கே என்று என் கண் தேடுகிறது. இந்தக் கெட்ட பழக்கம் உன்னால் வந்தது.

ஜூன் மாதத்தைக் கொண்டாடும் கவிதை ஒன்று வந்தபோது நீ கொதித்துப்போனாய். "ஜூன்ல எங்க குடோன்ல முட்டளவு தண்ணி. இவன் ஜூன் வந்துட்டுன்னு ஆடுதான்!" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எட்டு மாசம் குளிர்ல கெடந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். நாம முதல் மழைக்கு ஆடலியா?" என்றாய். லண்டன் வியாபாரியின் வெயில் அன்றைக்கு உனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது சாயா குடித்தாய்.

உன் பாதி எனக்குப் பயமாக இருந்தது. மனதுக்குள் ஓடும் பேச்சை அப்படியே எழுதும் உத்தி என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கியும் என் தலையில் ஏறவில்லை. நீ சொன்னாய்: "ரயில்ல லேடீஸ் டப்பால ஜன்னலோரம் ஒருத்தி சும்மா உக்காந்திருக்கா. சயன்ல ஏறுனவ தாதர் வர்றதுக்குள்ள அவ மண்டைக்குள்ள என்னெல்லாம் ஓடும்? பால் பொங்கிச்சா, புள்ள பரீட்சை எழுதினானா, அன்னிக்கு அவன் ஏன் அப்படிச் சொன்னான். முற்றுப்புள்ளி உண்டா? அதை அப்படியே எழுதியிருக்காங்க. அவ்வளவுதான்." அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. வகுப்பில் இன்றும் அதைத்தான் சொல்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

இப்போது அந்த வெட்டுப்பட்ட நாவலுக்கு வருகிறேன். வடக்கு இங்கிலாந்தில் ஆலைப் புகை மண்டிய ஒரு ஊர். தோல் கையுறை தைக்கும் ஒரு பெண். தானே எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறுகிறாள். ஆலைக் கணக்கரைக் கட்டிக்கொள்கிறாள். வீட்டில் இருமலோடு படுத்த மாமியார். வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. ஒரு மழைக்காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அடுத்த வாக்கியம் 'அவள்' என்று தொடங்கியது. அங்கே என் பாதி முடிந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் என்பது உன்னிடம் இருந்தது.

இதுவரை நான் சொன்னதும் உனக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. "எந்தத் தோல்? ஆடா, மானா?" கைடில் இல்லை என்றேன். "தோலு தெரியாம இவ எப்படிளா கையுறை தச்சா?" என்று அலுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த வாரம் படித்துவிட்டுச் சொல்வதாக உன் பாதியைப் பையில் போட்டாய்.

அந்த வாரம் என் வீட்டில் முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. என் கணவருக்கு அம்பர்நாத் தொழிற்சாலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. "போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நோக்கு எதுக்கு இந்த அலைச்சல்? வேலையை விட்டுடு, பரீட்சையும் வேண்டாம்" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை, நிஜமான அக்கறையில்தான் சொன்னார். அதனாலேயே எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மாமியாருக்கு மூச்சிரைப்பு வேறு. "பரீட்சை எழுதி என்ன ஆகப்போறது?" என்றாள் அவள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு உன்னிடம் சொன்னேன்: "இதுதான் என் கடைசி கிளாஸ்."

என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டியிருப்பேன். நீ சாயா டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, "முடிவு சொல்லவா?" என்றாய்.

உன் பாதி மேசை மேல் இருந்தது. நீ அதைத் திறக்கவில்லை. வழக்கமாகப் பக்கம் புரட்டி, விரல் வைத்து, 'இந்தா பாரு' என்று காட்டிக் காட்டிச் சொல்கிறவள் அன்றைக்கு மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாய். இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

"தாழ்ப்பாளைத் தூக்கிட்டா. போயிட்டா."

"நெஜமாவா? மழை பெய்யறதே?"

"நனைஞ்சுக்கிட்டே போறா. ரயில் ஏறுதா. அங்க போயி நாப்பது புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கா."

"ஆத்துக்காரன்?"

"அவன் மொதல்ல மூஞ்சியத் தூக்குனான். பெறவு ஞாயித்துக்கிழமையானா அவனே ரயில் ஏறி வந்து பாத்துட்டுப் போவான்."

"மாமியார்? அந்த இருமல்?"

"ரெண்டு நாள் ஏசுனா. மூணாம் நாள் அவளே எந்திரிச்சு அடுப்பு மூட்டிட்டா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று சந்தேகப்பட்டேன். "எழுதியிருக்கே" என்றாய். ரயிலில் திரும்பும்போது அந்த மூன்றாம் நாள் என்னை விடவில்லை. ஏசிவிட்டு அடுப்பு மூட்டுவார்கள், அவ்வளவுதானே? அதற்கா இவ்வளவு பயந்தேன்? அன்று மாலை கணவரிடம், "வேலையை விடலை. பரீட்சையும் எழுதறேன். தினம் ரயிலில் போய் வந்துக்கறேன்" என்றேன். என் மாமியார் இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம் ஏசினாள். ஆனால் அடுப்பு மூட்டினாள்.

அடுத்த ஞாயிறு நீ என் பர்ஸைப் பிடுங்கி ரயில்வே அடையாள அட்டையை எடுத்தாய். போட்டோவில் நான் திருடி மாதிரி இருப்பதாகச் சிரித்தாய். அட்டையைத் திருப்பித் தரவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. நீ தைத்த சின்னத் தோல் உறைக்குள், அம்பர்நாத்திலிருந்து என் அலுவலகப் பக்கத்து வி.டி. ஸ்டேஷன் வரை மூன்று மாத பாஸோடு சேர்ந்து. அதற்காக அம்பர்நாத் வரைக்கும் போய் வரிசையில் நின்றிருக்கிறாய். நான் குடிபோவதற்கு முன்பே நீ அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாய்.

"ஸ்டேஷன்லேர்ந்து உன் குவார்ட்டர்ஸ் பன்னெண்டு நிமிச நடை. நடந்து பாத்துட்டேன். லேடீஸ் டப்பா தண்ணிக் குழாய்க்கு நேரா வந்து நிக்கும். அங்க நில்லு, முட்டி மோதாத. பாஸ் எடுத்தாச்சு, வீணாக்காத."

நன்றி என்று சொன்னேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கடிந்துகொண்ட ஞாபகம்தான் இருக்கிறது.

குடிபோன பிறகு எல்லா ஞாயிறும் வர முடியவில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது நீ இரண்டு பாதியையும் என் கையில் கொடுத்துவிட்டாய். "எனக்கு எல்லாம் மனப்பாடம். ரயில்ல படி." அப்போதுதான் அந்த நாவலின் கடைசிப் பக்கங்கள் இல்லாததைப் பார்த்தேன், நீயும் பூச்சியின் மேல் பழியைப் போட்டாய். நான் கவலைப்படவில்லை. முடிவுதான் தெரியுமே!

கேள்வித்தாளில் அதே நாவல் வந்தது. நாயகியின் கடைசி முடிவைப் பற்றி எழுதுக. நான் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். தாழ்ப்பாள், மழை, ரயில், நாற்பது பிள்ளைகள், மூன்றாம் நாள் அடுப்பு. வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "நாலாவது கேள்விக்கு என்ன எழுதுன?"

"நீ சொன்னதைத்தான்."

"வா, கரும்புச் சாறு குடிப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு நீ குடிக்கவே இல்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்த மடச்சி நான்.

அந்தத் தாளில் நான் எப்படியோ தேறிவிட்டேன். நீ தேறவில்லை. "வெள்ளைக்காரன் நமக்கு ஒத்துவரல" என்று சிரித்தாய். மறுபடி எழுது என்று நான் கெஞ்சினேன். அந்த வருடம் உன் மாமனார் படுத்துவிட்டார், பட்டறை உன் கைக்கு வந்தது, பிறகு பரீட்சைப் பேச்சே இல்லை. நான் பி.எட். முடித்து, செம்பூரில் ஜூனியர் காலேஜில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் அம்பர்நாத்திலிருந்து ரயில், பிறகு திலக் நகருக்கே திரும்பினோம். நீ பத்துப் பேருக்கு வேலை கொடுத்தாய், லண்டன் வியாபாரிக்கு உன் பங்குக்கு மழையைப் பற்றி எழுதினாய். நன்றாகத்தான் இருந்தாய். பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில் அந்தக் கையுறைக்காரியின் கதையைச் சொல்வது என் வழக்கம். எத்தனை பிள்ளைகள்! நாவலை மட்டும் நான் படித்ததே இல்லை. முடிவு தெரிந்த கதைதானே என்ற அசட்டுத் தெம்பு. என் மாணவர்களில் ஒருவராவது தேடிப் படித்திருந்தால் என் மானம் போயிருக்கும். அவர்களும் என்னைப் போலத்தான், சொன்னதை நம்புகிறவர்கள்.

இப்போது கையில் அந்த நான்கு பக்கங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அவள் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கும்போது உள்ளே மாமியார் இருமுகிறாள். அவள் பையைக் கீழே வைக்கிறாள். போய் அடுப்பை மூட்டுகிறாள். பள்ளிக்கூடத்துக் கடிதம் அதே அடுப்பில் எரிகிறது. வருடங்கள் போய், அதே வீட்டில் காய்ச்சலில் சாகிறாள். நல்ல மனைவி என்று கல்லில் வெட்டுகிறார்கள். அதற்குக் கீழே, தியாகத்தின் மேன்மை என்று கைடுக்காரரின் பாராட்டு ஒன்றரைப் பக்கம். அந்தப் பாராட்டின் ஓரத்தில் பென்சிலால் உன் எழுத்து: 'இது எதுக்கு இப்படி முடியுது?'

முதலில் கோபம்தான் வந்தது. பரீட்சையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தாயே பாவி! அப்புறம் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு அழுதேன். அழுகை நின்றதும் பழைய நோய் பிடித்துக்கொண்டது, உன்னிடமிருந்து தொற்றிய அதே நோய். தெரிந்துகொள்ள வேண்டும். எனக்காகத்தான் மாற்றினாயா? இல்லை, அந்த முடிவு உனக்கே பொறுக்காமல், நான் வந்து என் கதையைச் சொல்லும் முன்பே மாற்றி வைத்திருந்தாயா? உறைக்குக் கனம் வேண்டும் என்று கையில் கிடைத்த தாளைத் திணித்திருக்கவும் கூடும். நீ ஒரு துண்டுத் தோலையும் வீணாக்காதவள். எல்லாவற்றையும்விடக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது. சரியான முடிவு தெரிந்த நீ அந்தத் தாளில் எப்படித் தவறினாய்?

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். பட்டறையில் இப்போது உன் மகள் ரஹ்மத் இருக்கிறாள். போனிலேயே பை விற்கிறாள், கெட்டிக்காரி. தமிழ் எழுத்து அவளுக்குத் தடுமாறும் என்பதால் உன் பென்சில் வரியை நான்தான் வாசித்துக் காட்டினேன். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே தடுத்துவிட்டாள்.

"ஆண்ட்டி, க்ளவுஸ்வாலி ஸ்டோரிதானே? எனக்குத் தெரியும். சின்ன வயசுல சோறு ஊட்டுறப்ப உம்மா டெய்லி அதான் சொல்லும். அவ டோர் ஓப்பன் பண்ணிட்டுப் போயிடுவா. பாரிஷ்ல, நனைஞ்சுக்கிட்டே. ஃப்ரெண்டுகூட."

"ஃப்ரெண்டா? எந்த ஃப்ரெண்டு?"

"அவளுக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கால்ல. அவதான் பையைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வருவா. டிரெய்ன் எங்க நிக்கும்னு காட்டி, சீட் புடிச்சுக் குடுப்பா. அவ மட்டும் ஏற மாட்டா, பிளாட்பாரத்துலயே நின்னுட்டு டாட்டா காட்டுவா. எனக்கு ஒரே ரோனா, கண்ணுல தண்ணியா வரும். அவ ஏன் ஏறலன்னு டெய்லி கேப்பேன்."

"உம்மா என்ன சொல்லுவா?"

"டிக்கெட் ஒண்ணுதான் இருந்துச்சும்மா, அப்படின்னு சொல்லிட்டு அடுத்த வாய் குடுத்துரும். பஸ், அவ்ளோதான்."

நான்கு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். அதில் தோழி என்று யாரும் இல்லை. எனக்கு நீ சொன்ன கதையிலும் இல்லை. எனக்குச் சொன்ன பிறகுதான் அவள் கதைக்குள் வந்திருக்கிறாள், தண்ணிக் குழாய்க்கு நேராக என்னை நிறுத்தின பிறகு, பத்து நாள் புத்தகமே இல்லாமல் பரீட்சைக்குப் போன பிறகு. மனப்பாடம் என்று நீ சொன்னதை நான் நம்பினேன். நம்புவது எனக்கு அப்போது சௌகரியமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிளாட்பாரத்தில் நின்றவளுக்கு வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் பட்டறையில் அன்று தையல் மெஷின்கள் ஓடிய ஓட்டத்தையும், சுவரில் நீ ஒட்டி வைத்த லண்டன் கடிதங்களையும் பார்த்தால் அவள் திரும்பிப் போன இடமும் ஒரு இடம்தான் என்று தோன்றியது. அவள் பாட்டுக்கு டாட்டா காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பாளோ? ரஹ்மத்திடம் கேட்டேன், கதையில் அவள் அழுவாளா என்று. யோசித்துப் பார்த்து, "இல்ல ஆண்ட்டி, அவ சாயா குடிக்கப் போயிடுவா" என்றாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்பு, இந்த வருடத்தின் முதல் பாடம். முதலில் புத்தகத்தில் இருக்கும் முடிவைச் சொன்னேன். இத்தனை வருடம் தப்பாகச் சொல்லி வந்ததையும் ஒப்புக்கொண்டேன். பிறகு நீ எனக்குச் சொன்னது, பிறகு உன் மகளுக்குச் சொன்னது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், அந்த ஃப்ரெண்டுக்கு மட்டும் ஏன் டிக்கெட் கிடைக்கல?"

சிலபஸில் இல்லை என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பையில் கையை விட்டேன். நீ தைத்த உறை, எண்ணெய் போட்டுத் துடைத்தது, இன்றும் அதில்தான் என் ரயில் பாஸ் இருக்கிறது. அதை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"கிடைக்கலன்னு யார் சொன்னா?" என்றேன். "டிக்கெட் அவ கையிலதான் இருந்தது. வரிசையில நின்னு வாங்கினவளே அவதான்."